டைட்டிலில் சிதறும் தமிழ் எழுத்து

ஆசிரியருக்கு, வணக்கம்.

தொலைக்காட்சி ஆவணத் தொடர்களின் தொடக்க டைட்டிலைக் கவனித்துப் பாருங்கள். 'கொ' என்ற ஓர் எழுத்து மூன்று துண்டாக வந்து சேரும்: முதலில் கொம்பு, பிறகு 'க', கடைசியில் கால். 'க்' வந்து நின்ற பிறகு புள்ளி தனியே பறந்து வந்து தலையில் உட்காரும். இதை அழகுக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. எழுத்துப்பிழைதான்.

அனிமேஷன் மென்பொருளில் எழுத்தெழுத்தாக அசைக்கும் வசதி ஆங்கிலத்தை வைத்து உருவானது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்பது இரண்டு குறியீடு, திரையில் மூன்று உருவம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கொம்பும் காலும் தனித்தனியாகவே தட்டச்சாவதால் சிதறல் நிச்சயம். டைட்டில் அசைவுகளைச் செய்யும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்து, யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டும். அதோடு நிற்காமல், எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றி, உயிர்மெய் ஒவ்வொன்றையும் ஒரே லேயராக, அதாவது தனியே நகர்த்தக்கூடிய ஓர் அடுக்காகக் கட்டிவிடுவது நல்லது. 'தொன்மை' என்றால் தொ, ன், மை என மூன்றே லேயர்.

கையால் எழுதுவதுபோல் எழுத்து விரியும் பாணியில் சிக்கல் வேறு. 'அ'வின் சுழியும் வளைவும் நெருங்கியே இருக்கின்றன. எழுத்தை மறைத்துவைத்து, தான் போகும் இடத்தை மட்டும் வெளிக்காட்டும் மாஸ்க் கோட்டைத் தடிமனாக ஒன்றே ஒன்று ஓடவிட்டால், சுழி முடிவதற்குள் வளைவின் ஓரம் துணுக்காக எட்டிப்பார்க்கும். சுழி, வளைவு, நேர்கோடு என மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்க் கொடுத்தால் சரியாகும். வெட்டும் வரிசை பள்ளியில் எழுதப் பழகிய வரிசையாக இருக்கட்டும். பின்னிருந்து முன்னாக எழுதும் 'அ' எந்தத் தமிழருக்கும் உறுத்தும்.

நம் ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 நிலைப்படங்கள். 20 நொடி டைட்டில் என்றால் 500. ஒரு பெயர் வந்து நின்றபின் குறைந்தது 50 ஃபிரேமாவது அசையாமல் இருக்க வேண்டும். நீளமான பெயருக்கு அதுவும் போதாது. படத்தின் கிடைவரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு தவணையில் காட்டும் இன்டர்லேஸ் ஒளிபரப்பில் ஒரு பிக்சல் கிடைக்கோடு துடிக்கும் என்பதால் ட, ப, ம இவற்றின் அடிக்கோடு 3 பிக்சலுக்குக் குறையக் கூடாது. 1920-க்கு 1080 திரையில் பக்கவாட்டில் 96, மேலும் கீழும் 54 பிக்சல் விட்டு எழுத்தை வைத்தால் ஓரம் வெட்டுப்படாது. வரி இடைவெளியை ஆங்கில அளவில் விட்டால் மேல்வரி 'ரு'வின் வாலும் கீழ்வரி 'க்'கின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு தேவை.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்ப் பட்டியலை ஸ்டோரிபோர்டு (காட்சிகளின் முன்வரைபடம்) போடும்போதே தமிழில் கொடுத்துவிடுங்கள். ஆங்கிலத் தலைப்புக்கு அனிமேஷனை முடித்துவிட்டு, அதே அசைவில் தமிழைத் திணிக்கச் சொல்வதால்தான் பாதிக்கு மேல் கோளாறு வருகிறது. வேறு மொழியில் டப்பிங் செய்யும் எண்ணமிருந்தால், எழுத்தில்லாத பிரதியையும் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஒளிபரப்புக்கு முன், தமிழ் பிழைதிருத்தும் ஒருவரை அருகில் உட்காரவைத்து, எழுத்து நகரும் இடங்களை மட்டுமாவது ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிக் காட்டுங்கள். அரை மணி நேர வேலை.

இப்படிக்கு,
டைட்டில் வரைகலைப் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை