வவுனியாவைக் கடைசித் தெரிவாக எழுதும் முன்

ஆசிரியர் அவர்கட்கு,

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகிப் பல்கலைக்கழக விண்ணப்பம் கோரப்படும் ஒவ்வொரு முறையும் "யாழ்ப்பாணம் கிடைக்காவிட்டால் வவுனியா" என்ற பேச்சு வீடுகளிலும் தனியார் வகுப்புகளிலும் எழுகிறது. எந்தக் கற்கைநெறி அங்கே இருக்கிறது என்று பார்க்காமலே விண்ணப்பத்தின் அடிவரிகளுக்கு வவுனியாவைத் தள்ளிவிடுகிறார்கள். அது இன்னும் யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகம் என்று நம்புபவர்களும் பலர். 2021 ஓகஸ்ட் 1 முதல் அது தனிப் பல்கலைக்கழகம்.

1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் அது. நாட்டின் பிற பகுதிகளில் அப்போது தொடங்கிய இத்தகைய கல்லூரிகள் தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலேயே ரஜரட்ட, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களாக வளர்ந்துவிட்டன. வவுனியாக் கல்லூரிக்கோ 1997 ஏப்ரல் 1 அன்று வளாகத் தரம் மட்டுமே கிடைத்தது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள் என்ற இரண்டு பீடங்களோடு 24 ஆண்டுகள் அது காத்திருக்க நேர்ந்தது.

இந்தக் காத்திருப்பின் சுமையை வெளியிலிருப்போர் அறிவது குறைவு. வளாகத்துக்கு முதல்வர் இருப்பார். ஆனால் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவையும் நிருவாகத்தைத் தீர்மானிக்கும் பேரவையும் தாய்ப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கும். புதிய பட்டநெறி ஒன்றின் பாடத்திட்டம் துறையிலிருந்து பீடச் சபைக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்திலுள்ள மூதவைக்கும் பேரவைக்கும் போய், பிறகே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 வீதி மூடப்பட்டபோது, இரண்டு இடங்களுக்கும் இடையே தரைவழியே இல்லாமல் போனது. 2009இற்குப் பின் மன்னார் வீதியில் பம்பைமடுவிலிருந்த விடுதிக் கட்டடங்கள் சில காலம் புனர்வாழ்வு முகாமாக இருந்தன. நகரத்தில் சிதறிக் கிடந்த பீடங்கள், சுமார் 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அந்தப் பம்பைமடுக் காணியில் ஒன்றுசேரப் பல ஆண்டுகள் பிடித்ததில் வியப்பில்லை. வளர்ச்சி தாமதமானதற்கு அங்கே கற்பித்தவர்களையோ கற்றவர்களையோ குறை சொல்வது அநியாயம்.

இனிக் கற்கைநெறிகளுக்கு வருவோம். பிரயோக விஞ்ஞான பீடத்தில் தகவல் தொழில்நுட்பம், பிரயோக கணிதமும் கணிப்பீடும், சுற்றாடல் விஞ்ஞானம் ஆகியவை உள்ளன. வியாபாரக் கற்கைகள் பீடத்தின் செயற்றிட்ட முகாமைத்துவப் பட்டம் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியது. கட்டுமானம், அபிவிருத்தி, தகவல் தொழில்நுட்பம் என எந்தத் துறையிலும் ஒரு வேலையைக் குறித்த காலத்துக்குள், குறித்த செலவுக்குள் முடித்துக் கொடுப்பதற்கான பயிற்சி அது. மீள்குடியேற்றமும் புனரமைப்பும் நடந்த மாவட்டங்களில் இந்தப் பயிற்சியின் தேவையை விளக்க வேண்டியதில்லை. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடப்பதால், உயர்தரத்தைத் தமிழில் எழுதியவர்கள் முதல் ஆண்டிலேயே மொழியில் உழைக்க வேண்டியிருக்கும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. பிரயோக விஞ்ஞான பீடத்தின் தகவல் தொழில்நுட்பப் பட்டமும், மூன்றாவது பீடமான தொழில்நுட்பக் கற்கைகள் பீடத்தின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பட்டமும் பெயரில் நெருக்கமானவை. முன்னையதற்கும் பின்னையதற்கும் தகைமைப் பாடங்கள் வேறு. பின்னையது தொழில்நுட்பப் பிரிவில் தோற்றியவர்களுக்கானது. ஒன்றின் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்ச இசற் புள்ளியைப் பார்த்துவிட்டு மற்றதன் குறியீட்டை எழுதினால் அந்த வரி வீண். கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்தே ஒரு குறியீடு தரப்படுகிறது என்பதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பெயர், குறியீடு, தகைமைப் பாடங்கள் மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே எழுத வேண்டும்.

இசற் புள்ளியிலும் (Z-score) குழப்பம் தீரவில்லை. ஒருவரின் மதிப்பெண் பாடச் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி இருக்கிறது என்பதே அது. ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 65 எடுத்தவரின் இசற் பெறுமானம் 1. சராசரி 40, நியம விலகல் 10 உள்ள வேறொரு பாடத்தில் 55 எடுத்தவருக்கு அது 1.5. மூன்று பாடங்களினதும் சராசரியே இறுதிப் புள்ளி. ஆகவே மூல மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்து "என் பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று பெற்றோர் முடிவுகட்டுவது சரியல்ல. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் நிரப்பப்படுகின்றன. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் அந்தப் பதினாறில் அடங்கும். முல்லைத்தீவுப் பாடசாலையில் படித்தவர் பார்க்க வேண்டியது வெட்டுப்புள்ளி அட்டவணையின் முல்லைத்தீவு நிரலை. யாழ்ப்பாண நிரலைப் பார்த்துவிட்டு நம்பிக்கை இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

எட்டாத கற்கைநெறியை முதல் வரியில் எழுதினால் மற்றது பறிபோகும் என்பதும் தவறான நம்பிக்கை. தெரிவு மேலிருந்து கீழாகவே பரிசீலிக்கப்படுகிறது. உண்மையில் இழப்பு வருவது, விருப்பமில்லாத ஒன்றைப் "பாதுகாப்புக்காக" மேலே எழுதும்போதுதான். புள்ளி போதுமானால் அதுவே கிடைத்துவிடும், கீழே எழுதிய விருப்பத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

தங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். முந்தைய ஆண்டின் வெட்டுப்புள்ளிகளை வெளியிடும்போது வட, கிழக்கு மாவட்ட நிரல்கள் அனைத்தையும் குறியீட்டோடு முழுமையாக அச்சிடுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு வாரமாவது முன்னதாக அது வெளிவந்தால், இணைய வசதி குறைந்த கிராமத்துப் பாடசாலை ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். வவுனியாப் பல்கலைக்கழகமும் தன் பீடங்களின் தகைமைப் பாடங்களையும் முதலாண்டுப் பாட அலகுகளையும் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாக்கி, வன்னிப் பாடசாலைகளுக்கு உயர்தரப் பெறுபேறு வருவதற்கு முன்பே அனுப்ப வேண்டும்.

இங்ஙனம்,
உயர்கல்வி வழிகாட்டல் ஆசிரியர்கள் சிலர்,
வவுனியா