பெல்ட்டை மாற்றுவதற்கு முன் நூறு சுற்று எண்ணுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய இசைத்தட்டுக் கருவிகளைப் பராமரிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். ஊசியைப் பற்றியும் தூசியைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் டர்ன்டேபிள் தப்பான வேகத்தில் ஓடினால் பெல்ட்டை, அதாவது மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பட்டையை, மாற்றுங்கள், சரியாகிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதே யோசனையைக் கேட்டு நான் அடுத்தடுத்து மூன்று பெல்ட் வாங்கினேன். மூன்றும் நல்ல பெல்ட்தான், கோளாறு பெல்ட்டில் இல்லை.

என் பெரியப்பா அமெரிக்காவில் இருந்தபோது வாங்கி வருடக்கணக்கில் கேட்ட டர்ன்டேபிள் அது. திரும்பி வந்தபோது என்னிடம் கொடுத்தார். அங்கே 120 வோல்ட், இங்கே 230 என்பதால் வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் வாங்கி வைத்து ஓட்டினேன். தட்டு சுற்றியது, பாட்டு வந்தது, ஆனால் ஐந்து கட்டையில் பாடும் பாடகி மூன்று கட்டையில் பாடுவது போல இருந்தது. பெண் குரல் ஆண் குரலாகக் கனத்துவிட்டது, மிருதங்கம் ஏதோ பானையைத் தட்டுவது போலக் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த கச்சேரி என்பதால் முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிட்டது, புதிதாகக் கேட்பவராக இருந்தால் அவர் குரலே அப்படித்தான் என்று நினைத்திருப்பார்.

பெல்ட் மாற்றினேன், மாறவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் போட்டிருக்கும் இல்லையா, அதன்மேல் பழைய குண்டு பல்பு ஒன்றைக் காட்டினார். வேகம் சரியாக இருந்தால் பல்பின் மினுக்கலில் அந்தப் புள்ளிகள் நிற்பது போலத் தெரியும். புள்ளிகள் அசையாமல் நின்றன. வேகம் சரியாக இருக்கிறது, உங்கள் ரெக்கார்டே அப்படித்தான் பதிவாகியிருக்கும் என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பெல்ட்டையும் போட்டுக் கொடுத்தார். நானும் என் கண்ணால் பார்த்தேன், புள்ளிகள் நின்றது நின்றதுதான். காது ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது. மூன்றாவது பெல்ட்டை நானே வாங்கினேன், அதுவும் வீண்.

அப்புறம்தான் எண்ணிப் பார்ப்போம் என்று தோன்றியது. தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, ஒரு எல்.பி.யைப் (நீண்ட நேரம் ஓடும் பெரிய ரெக்கார்ட்) போட்டு, ஊசியையும் இறக்கிவிட்டு, அந்தக் காகிதம் ஓர் இடத்தைத் தாண்டும் ஒவ்வொரு தடவையையும் எண்ணினேன். எண்ணிக்கை தப்பிவிடும் என்று பயமாக இருந்தால் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்து நிதானமாக எண்ணலாம். எல்.பி. நிமிடத்துக்கு 33 1/3 சுற்று, அதாவது மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று. 180 விநாடியில் நூறைத் தொட வேண்டும். என்னுடையது தொட்டது 216 விநாடியில். இரண்டாவது தடவை எண்ணினேன், அதே 216.

இந்த 216 சும்மா வந்த எண் இல்லை, 180-ஐப் போல 1.2 மடங்கு. 60-க்கும் 50-க்கும் உள்ள விகிதமும் அதே 1.2. மின்சாரம் விநாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ், அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. நேராக ஏ.சி. மின்சாரத்தில் ஓடும் பழைய டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் சிங்க்ரனஸ் மோட்டார்தான் இருக்கும். அதன் வேகம் வோல்டேஜைப் பார்ப்பதில்லை, ஹெர்ட்ஸைத்தான் பிடித்துக்கொண்டு ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடவே தொடாது. ஆகவே 60-க்காகச் செய்த புல்லியோடு (மோட்டார் முனையில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) 50-இல் ஓடினால் 33 1/3-க்குப் பதில் 27.8 சுற்றுதான் கிடைக்கும், எத்தனை பெல்ட் மாற்றினாலும் அதேதான்.

சரி, புள்ளிகள் ஏன் நின்றன? 50 ஹெர்ட்ஸில் விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும், 60-இல் 120 தடவை. 33 1/3-க்கு 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 180 புள்ளிகள் வேண்டும், 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 216. என் தட்டில் இருந்தவை அமெரிக்கக் கணக்கான 216 புள்ளிகள். மோட்டாரும் 1.2 மடங்கு மெதுவாக ஓடுகிறது, விளக்கும் 1.2 மடங்கு மெதுவாக மினுக்குகிறது, இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் புள்ளிகள் அழகாக நின்று காட்டின. பழுது பார்த்தவரை நான் குறை சொல்லவில்லை, அவர் பார்த்தது உண்மைதான். புள்ளி ஏமாற்றலாம், கடிகாரம் ஏமாற்றாது என்பதால்தான் எண்ணச் சொல்கிறேன். இன்னொன்று, இப்போதைய எல்.இ.டி. விளக்குகளில் பலவும் இந்தச் சோதனைக்குத் தேவையான மினுக்கலைத் தருவதில்லை, அதன் அடியில் வைத்துவிட்டுப் புள்ளி தெரியவில்லையே என்று தேட வேண்டாம்.

நூறு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 133 வந்தால் எல்.பி. சின்ன ரெக்கார்டுகளுக்கான 45 சுற்று வேகத்தில் ஓடுகிறது: புல்லியில் இரண்டு படி இருக்கும், சின்னது 33-க்கு, பெரியது 45-க்கு, பெல்ட் பெரிய படியில் உட்கார்ந்திருக்கிறது. கையால் மாற்றிப் போட்டால் போதும். 150 வந்தால் என் கதையின் மறுபக்கம், 50 ஹெர்ட்ஸ் கருவி 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடுகிறது. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60, அங்கிருந்து வந்த பழைய கருவி என்றால் எந்தப் புல்லி மாட்டியிருக்கிறது என்று பார்ப்பது அவசியம். ஒவ்வொரு தடவை எண்ணும்போதும் வேறு வேறு எண் வந்தால்தான் பெல்ட்டைச் சந்தேகப்பட வேண்டும். தளர்ந்த பெல்ட் வழுக்கும், தட்டு வேகம் பிடிக்க நேரமாகும், தூசி தட்டும் பிரஷை லேசாக வைத்தாலே இழுபடும். ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன், தளர்ந்து வழுக்கும் பெல்ட் தட்டை மெதுவாக்கும், ஒருபோதும் வேகமாக்காது. கருவி வேகமாக ஓடுகிறது என்பவரிடம் பெல்ட் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்பது பொருந்தாத வைத்தியம்.

பெல்ட்தான் என்று உறுதியானாலும் உடனே வாங்க ஓட வேண்டாம். பழைய ரப்பர் உருகித் தார் மாதிரி புல்லியிலும் தட்டின் உள்விளிம்பிலும் ஒட்டியிருக்கும், அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து எடுத்துவிட்டு, பெல்ட்டை மட்டும் லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்திப் போட்டுப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிய கையோடு தட்டையும் சும்மா சுழற்றிவிட்டுப் பாருங்கள். சட்டென்று நின்றால் தட்டின் அச்சு சுழலும் பேரிங்கில் கிரீஸ் பிசினாகியிருக்கிறது என்று அர்த்தம். பழையதை வழித்தெடுத்து இரண்டு சொட்டு மெல்லிய மெஷின் ஆயில் விட்டால் போதும், சில கருவிகளில் அடியில் குட்டி இரும்புக் குண்டு ஒன்று இருக்கும், அது உருண்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டி.சி. மோட்டார் (நேர் மின்சாரத்தில் ஓடுவது) உள்ள கருவிகள் வேறு ஜாதி. ஹெர்ட்ஸ் பிரச்சினை அவற்றுக்குக் கிடையாது, வேகத்தைத் திருத்தச் சின்ன ஸ்குரூ இருக்கும், பல மோட்டார்களில் அடிப்பக்க ஓட்டைக்குள். கால் மணி நேரம் ஓடவிட்டு, ஊசி ரெக்கார்டின்மேல் இருக்கும்போதே, மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு முன் ஸ்குரூ இருந்த நிலையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருவிக்கு வருகிறேன். 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைக்காததால் லேத்தில் பித்தளையில் கடைந்து வாங்கினேன். பழைய புல்லியின் 33 படி 10 மி.மீ., ஆகவே 1.2-ஆல் பெருக்கி 12 மி.மீ. என்று சொன்னேன், 45 படியையும் அதே கணக்கில். மாட்டி எண்ணினால் 182 விநாடி. ஒரு சதவீதம் மெதுவு, சும்மா கேட்டால் தெரியாது, ஆனால் மகள் வயலினை எடுத்து ரெக்கார்டோடு சேர்ந்து வாசித்தபோது சுருதி ஒட்டவில்லை. எங்கே தப்பு என்று ஒரு வாரம் யோசித்தேன். பெல்ட்டின் தடிமனை விட்டுவிட்டேன்! பெல்ட் புல்லியைச் சுற்றி உட்காரும்போது அதன் தடிமனும் விட்டத்தோடு சேர்கிறது. என் பெல்ட் 0.6 மி.மீ., ஆகவே 10.6-ஐத்தான் 1.2-ஆல் பெருக்க வேண்டும், 12.72 வரும், அதில் 0.6-ஐக் கழித்தால் புல்லி 12.12 மி.மீ. அந்த 0.12 மி.மீ.தான் சுருதியைக் கெடுத்தது. கிடைத்த பெல்ட்டை வாங்கிப் போட்டவர்களுக்கு வேகம் ஏறிவிடுவதற்கும் இதுதான் காரணம், தடித்த பெல்ட் புல்லியைப் பெரிதாக்கிவிடும். வாங்குவதாக இருந்தால் நீளத்தோடு தடிமனையும் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது புல்லியில் 180 விநாடி வந்தது, மகளும் பக்கம் முடியும்வரை கூடவே வாசித்தாள்.

ஐயா, அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு யாராவது இன்றைக்குப் பெல்ட் தேடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த இதழில் இடம் குறைவு என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள், முதலில் ஊசியை இறக்கி நூறு சுற்றை எண்ணுங்கள், 180 விநாடி வர வேண்டும் என்ற ஒரு வரியை மட்டுமாவது போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்