‘கொன்தார்’ என்னும் ஒரு வினைச்சொல்லுக்காக ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மத்ரித் நகரின் லாவாபியேஸ் பகுதியில் நாங்கள் குடியேறி இரண்டு ஆண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், எண்ணுவதையும் சொல்வதையும் ஒருங்கே குறிக்கும் ‘கொன்தார்’ என்ற ஸ்பானிய வினைச்சொல்லை நிகழ்காலத்தில் பிழையின்றி ஆள எனக்குக் கற்றுத்தந்த அனைவருக்கும் இம்மடல் வழியே நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். ஒற்றை வினைக்கு ஒரு மடலா என்று வியப்பவர்கள், அதனோடு நான் பட்ட பாட்டை அறியாதவர்கள்.

முதல் நன்றி தெருமுனைப் பழக்கடை அம்மையாருக்கு உரியது. ஒரு நாள் அவர் ‘கே தே குவென்தாஸ்?’ என்று கேட்டபோது, மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்து, நாணயங்களை ஆரஞ்சுப் பழங்களின் மேல் பரப்பி உரக்க எண்ணத் தொடங்கிவிட்டேன். அவர் கேட்டது ‘என்ன சேதி?’ என்பது மட்டுமே. சிரித்து முடித்த பின், வரிசையில் நின்றவர்களைக் காக்க வைத்து, ஒரே சொல் எண்ணுவதற்கும் சொல்வதற்கும் எப்படிப் பொருந்துகிறது என்று விளக்கினார். ‘எண்ணு’ என்பதையே கணக்கிடவும் நினைக்கவும் பயன்படுத்தும் நமக்கு அது புதுமையாக இருந்திருக்கக் கூடாது. அன்றிரவு அகராதியில் ‘குவென்தார்’ என்று தேடினேன். அப்படி ஒரு சொல்லே இல்லை. காதில் விழும் ‘உவெ’யை மீண்டும் ‘ஒ’ ஆக்கினால்தான் மூல வடிவம் கிடைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதைத் தெரியவைத்தவர் மாலை வகுப்பு ஆசிரியை. பாடநூல்கள் இவ்வகை வினையின் ஆறு வடிவங்களை இரு பத்திகளாக எழுதி, மாறும் நான்கையும் சுற்றிக் காலணி வடிவில் ஒரு கோடு வரைகின்றன. நான், நீ, அவர், அவர்கள் என்பவற்றுக்கு முறையே உரிய குவென்தோ, குவென்தாஸ், குவென்தா, குவென்தான் ஆகியவை காலணிக்குள் இருக்கும். நாங்கள் என்பதற்குரிய கொன்தாமோஸும், நீங்கள் என்பதற்குரிய கொன்தாய்ஸும் வெளியே நிற்கும். எனக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை. எங்கே மாறும் என்று அது காட்டுகிறதே அன்றி, ஏன் மாறும் என்று சொல்வதில்லை. ‘கொன்தாமோஸ்’ என்பதற்குப் பதிலாக ‘குவென்தாமோஸ்’ என்றே பல வாரங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியை படத்தை அழித்துவிட்டு மேசையைத் தட்டத் தொடங்கினார். குரலின் அழுத்தம் வேரின் மேல் விழும்போது ‘ஒ’ பிளந்து ‘உவெ’ ஆகிறது. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிட்டால் ‘ஒ’ அப்படியே இருக்கிறது. குறிலையும் நெடிலையும் பிரித்துக் கேட்டே பழகிய தமிழ்க் காதுக்கு இந்த அழுத்தம் எளிதில் பிடிபடவில்லை. நம் மொழியில் அது பொருளை மாற்றுவதில்லை. அவரோ சலிக்காமல், ‘ஒன்பது நுவேவே, தொண்ணூறு நோவென்தா, கதவு புவெர்தா, வாயிற்காவலர் போர்தேரோ’ என்று தட்டிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு, காலையில் எங்கள் கட்டடத்து வாயிற்காவலருக்கு வணக்கம் சொல்லும்போதெல்லாம் இலக்கணம் என் நினைவுக்கு வந்தது. எல்லா ‘ஒ’வும் இப்படி மாறுவதில்லை என்பதையும், கொம்ப்ரார் ‘கொம்ப்ரோ’ என்றும் தோமார் ‘தோமோ’ என்றும் மாறாமல் நிற்பதையும், மாறுபவற்றை மனப்பாடம் செய்வதே வழி என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்குத் தனியாக ஒரு நன்றி.

ஆயினும், விதியை நான் உண்மையில் நம்பியது நான்காம் மாடியில் வசிக்கும், அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரெஸில் பிறந்து வளர்ந்த அம்மையாரால்தான். மத்ரித்தில் ‘நீ சொல்கிறாய்’ என்பதற்கு எல்லோரும் ‘தூ குவென்தாஸ்’ என்க, அவர் மட்டும் ‘வோஸ் கொன்தாஸ்’ என்பார். முதலில் அவர் பிழையாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். அதை அவரிடமே சொல்லியும் விட்டேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபப்படாமல், தம் நாட்டில் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’ என்றே பேசுவர் என்றும், அதற்குரிய வினையின் அழுத்தம் கடைசி அசையில் விழும் என்றும் பொறுமையாகச் சொன்னார். அழுத்தம் கடைசிக்குப் போனதும் ‘உவெ’ மறைந்துவிட்டது. ஆசிரியை மேசையில் தட்டிக் காட்டியதை இவர் பேச்சிலேயே மெய்ப்பித்துவிட்டார்.

மாடிப்படியில் கண்ணாமூச்சி விளையாடும் சிறுவர்களுக்கும் என் நன்றி. ‘இருபது வரை எண்ணுகிறேன்’ என்பதற்கு ‘குவென்தோ ஆஸ்தா வேய்ன்தே’ என்றும், யாராவது விரலிடுக்கில் எட்டிப் பார்த்தால் ‘எசோ நோ குவென்தா’, அதாவது அது கணக்கில் சேராது, என்றும் அவர்கள் கூவியதை நாள்தோறும் கேட்டே அவ்வடிவங்கள் என் நாவில் ஏறின.

பயன்பாட்டில் எனக்கு எளிதாக வந்தது ஒன்றே ஒன்று. ‘மன்யானா தே லோ குவென்தோ’ என்று நிகழ்கால வடிவிலேயே நாளைய செயலைச் சொல்வார்கள். ‘நாளைக்குச் சொல்கிறேன்’ என்று நாமும் அப்படித்தானே சொல்கிறோம்.

இம்மடலின் ஸ்பானிய வடிவத்தை அஞ்சல் பெட்டிகளின் அருகே ஒட்ட வாயிற்காவலர் இசைந்திருக்கிறார். ‘உங்களை நம்பியிருக்கிறேன்’ என்று பொருள்படும் ‘குவென்தோ கோன் வோசோத்ரோஸ்’ என்பது அதன் கடைசி வரி. ‘நீங்கள்’ என்று பலரைக் குறிக்கும் ‘வோசோத்ரோஸ்’ ஸ்பெயினில் வழங்குவது. தம் ஊரில் அதற்கு ‘உஸ்தேதெஸ்’ என்று மட்டுமே வழங்கும் நான்காம் மாடி அம்மையார் இதற்காக என்னைப் பொறுத்தருள வேண்டும்.

நன்றியுடன்,
இரண்டாம் மாடியில் குடியிருக்கும் தமிழர்