பள்ளிச் செவிலியர் அறைக்கு ஒரு கதவு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பெற்றோரும் ஆசிரியர்களும் செவிலியர்களும் சேர்ந்த எங்கள் குழு, பள்ளியின் மருத்துவ அறைக்காக உங்களிடம் கேட்டு வந்திருக்கிறது. கட்டில், மருந்து, கட்டுத்துணி எல்லாம் அங்கே இருக்கின்றன. இல்லாதவை இரண்டு: சாத்திக்கொள்ளக் கதவுள்ள ஒரு சிறிய அறை, ஒரு பிள்ளையோடு பதறாமல் உட்கார்ந்து பேசச் செவிலியருக்கு நேரம்.

மனசு சரியில்லை என்று குழந்தைகள் வந்து சொல்வது அபூர்வம். "வயிறு வலிக்குது" என்றுதான் வருவார்கள். அது நடிப்பல்ல. பயமும் கவலையும் உடம்பில் இறங்கும்போது உண்மையாகவே வயிறு பிசைகிறது, தலை இடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. மனநல ஆலோசகர் அறை வாசலில் நிற்கக் கூசும் பிள்ளையும் செவிலியரிடம் தயங்காமல் வரும். வயிற்று வலிக்குப் போனால் யாரும் கேலி செய்யமாட்டார்களே.

குழுவில் உள்ள செவிலியர் ஒருவர் தம் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். ஒரே பெயர், நாலு திங்கட்கிழமை, நாலு தடவையும் இரண்டாம் பாடவேளை. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. ஐந்தாம் முறை அந்தச் சிறுமி வந்தபோது அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, "இரண்டாவது பீரியட் என்ன பாடம்மா?" என்று மட்டும் கேட்டார். பதில் வரப் பத்து நிமிடம் ஆயிற்று. அவள் பேச ஆரம்பித்த நேரம் பார்த்து, முழங்கால் சிராய்ப்போடு இரண்டு பையன்கள் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த அறையில் மறைவு என்று இருப்பது அந்தத் துணித்திரை ஒன்றுதான்.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் ஐந்தாறு பிள்ளைகள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியுமா?

1902இல் நியூயார்க்கில் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரைச் சோதனை முயற்சியாகப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பேனும் கண்நோயும் இருக்கிறதென்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு மருந்திட்டார், வீடுவரை போய்த் தாய்மாரிடம் பேசினார், மீண்டும் வகுப்பில் உட்கார வைத்தார். இன்று பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே இழுப்பது மனக்கவலையாக இருந்தாலும், செவிலியர் செய்ய வேண்டியது அதே வேலைதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

செவிலியர் மனநல மருத்துவர் ஆகிவிட முடியாது, ஆகவும் வேண்டாம். மூச்சு வாங்கினால் அது ஆஸ்துமாவா பதற்றமா என்று முதலில் உடம்பைப் பார்த்துத் தெளிய வேண்டும். வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளை, கிடுகிடுவென இளைக்கும் பிள்ளை அவர் கண்ணில் பட வேண்டும். "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும், அதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு பெற்றோரிடமும் ஆலோசகரிடமும் மருத்துவரிடமும் கைமாற்றிவிட வேண்டும். இதற்கெல்லாம் முறையான பயிற்சி உண்டு. உளவியல் முதலுதவி என்பார்கள்: கவனி, காதுகொடு, உதவியோடு சேர்த்துவிடு. பிள்ளையின் பலத்தையும் சிரமத்தையும் சேர்த்தே அறிய 25 கேள்விகள் கொண்ட படிவமும் இருக்கிறது. எங்கள் செவிலியர்கள் இவற்றைக் கற்கத் தயாராக இருக்கிறார்கள். பயிற்சிக் கட்டணம்தான் தடையாக நிற்கிறது.

உங்கள் நன்கொடை மூன்றுக்குப் போகும்: தடுப்புச் சுவரும் கதவும், இந்தப் பயிற்சி, சிராய்ப்புக்கு மருந்திடப் பகுதிநேர உதவியாளர் ஒருவருக்குச் சம்பளம். மூன்றில் உதவியாளர் சம்பளம்தான் பெருஞ்செலவு. அதைக் குறைக்க எங்களுக்கு மனமில்லை. கதவு இருந்தும் உட்கார நேரமில்லை என்றால் பயனில்லையே.

தொகை சிறிதா பெரிதா என்று யோசிக்க வேண்டாம். குழுவின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். உதவி பெறும் பிள்ளைகளின் பெயரோ படமோ எங்கும் வராது. நன்கொடையாளர்களும் அதைக் கேட்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

பணமாகத் தர இயலாதவர்களில் தச்சு வேலை தெரிந்தவர்கள் இருந்தால், விடுமுறை நாள் ஒன்றில் வந்து அந்தக் கதவைப் பொருத்தித் தாருங்கள். மரம் நாங்கள் வாங்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
குழுவினர்