ஓசூரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. 2025 ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில், வெளிநாட்டவர் குடியேறுவதை எதிர்க்கிற ஏ.எஃப்.டி. கட்சி இருபது சதவீதத்துக்கு மேல் வாங்கி இரண்டாவதாக வந்ததிலிருந்து, கிழக்கு ஜெர்மனிப் பக்கம் குடும்பத்தோடு போகவே யோசனையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. வெளிநாட்டுக்காரர்கள் குறைவாக உள்ள பகுதியில்தான் அந்தக் கட்சிக்கு ஓட்டு அதிகம் என்றாயே, அதுதான் மனசிலேயே நிற்கிறது.

இங்கேயும் அப்படித்தான் இருக்கிறது. சிப்காட் பக்கம் லைன் வீடுகளில் பீகார், ஒடிசா பையன்கள் அறைக்கு ஏழெட்டுப் பேர். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் படுக்க, பகல் ஷிஃப்ட்காரன் எழுந்து பாயை விடுகிறான். அவர்களோடு மெஷினில் நிற்கிற நம் ஆட்கள் வெறுப்பாகப் பேசிக் கேட்டதில்லை. பாலக்கோட்டில் என் சித்தப்பா மகன்தான், அவர்களில் ஒருத்தரோடும் பேசாதவன், போனில் வந்த வீடியோவைக் காட்டி "வடக்கனுங்க வேலையைப் புடுங்கிட்டானுங்க" என்று கொதிக்கிறான். வேலை கிடைக்காத கோபம் அவனுக்கு நிஜம். ஆனால் கூலியைக் குறைத்து ஆள் எடுக்கிற காண்ட்ராக்டர் மேல் அந்தக் கோபம் போகவே மாட்டேன் என்கிறது.

பயமும் அதே வழியில்தான் வருகிறது. 2023 மார்ச்சில் பீகாரிகளைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, பீகார் அரசே அதிகாரிகள் குழுவை அனுப்பியது. கூப்பிட்டுக் கேட்க ஒரு தமிழ்க் குடும்பம் பழக்கமாக இருந்திருந்தால், எத்தனையோ பேர் மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள்.

அதற்காகப் பழகிவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. 1991 காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் அடிபட்ட தமிழர்களில் பலர் தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள், கன்னடம் சரளமாகப் பேசியவர்கள். தூண்டிவிட்டு லாபம் பார்க்க ஆள் இருந்தால் பழக்கம் மட்டும் காப்பாற்றாது. போலீஸும் அரசும் முதல் நாளே இறங்க வேண்டும்.

என் வகுப்பில் ஒடிசாப் பெண் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். உழவர் சந்தையில் அம்மாவுக்காக அவள்தான் தக்காளி விலை பேசுகிறாள், "அண்ணா, நேத்து இதைவிடக் கம்மிதானே!" என்று. அவளை மாதிரி இன்னும் பல பிள்ளைகள் பள்ளிக்கூடமே பார்க்காமல் ஷெட்டில் கிடக்கிறார்கள். அடுத்த மாதம் தலைமையாசிரியரோடு லைன் வீடுகளுக்குப் போய்க் கேட்கப்போகிறேன்.

உன் பக்கத்து வீட்டுத் துருக்கிப் பெரியவர், வேலைக்கு ஆள் எடுக்க மேற்கு ஜெர்மனி துருக்கியோடு போட்ட 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர் என்றாயே. அவர் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஜெர்மன் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சிவா