கானாடுகாத்தான் வண்டியும் கழல மறுத்த போல்ட்டும்

காரைக்குடி

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். ஆனால் நாள் முழுக்க லேத்துக்கு முன்னால் நிற்பதை நீ விடவே இல்லை என்று தங்கச்சி என் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். யார் சொல்வதை நம்புவது என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கிறது.

பட்டறைச் செய்தி கேட்டிருந்தாய். கானாடுகாத்தானிலிருந்து ஒரு பழைய ஹோண்டா சிட்டி வந்தது. 1998இல் நம் நாட்டுக்கு வந்ததே, அந்த முதல் வகை. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கும்போதுதான் வண்டியும் வெளியே வரும். "ஓடவே இல்லையே, டைமிங் பெல்ட்டை எதற்காக மாற்ற வேண்டும்?" என்று கேட்டார் உரிமையாளர். ரப்பர் கிலோமீட்டரையா எண்ணிக்கொண்டிருக்கும்? மேல்மூடியைக் கழற்றி, வால்வுகளை நேரம் தப்பாமல் திறந்து மூடவைக்கும் அந்த பெல்ட்டை விரலால் மடக்கிக் காட்டினேன். பல்லின் அடியில் மயிரிழை போல வரிசையாக வெடிப்பு. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும், ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும் என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

பெல்ட்டை எடுக்க வேண்டுமென்றால் எஞ்சினின் சுழல்தண்டு நுனியில் இருக்கும் சக்கரம், அதாவது கிராங்க் புல்லி, கழல வேண்டும். அதன் நடுவில் இருக்கும் ஒற்றை போல்ட்தான் ஆளைச் சோதிப்பது. டயர் கடையிலிருந்து ஏர் கன் கொண்டுவந்து பார்த்தோம். வீல் நட்டைக் கண்ணிமைப்பதற்குள் கழற்றும் அது, இங்கே கடகடத்ததோடு சரி. நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டிருந்ததால் ஏர் கன் கொடுக்கும் அடியில் பாதியை அந்தக் கம்பியே முறுக்கிக்கொண்டு விழுங்கிவிட்டது. ஐந்தாவது கியரில் போட்டு பிரேக்கை மிதித்துப் பிடிக்கும் வழியும் உதவவில்லை. கிளட்ச் ஸ்பிரிங், ஆக்சில், எஞ்சின் மவுண்ட் ரப்பர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கொடுத்தால் நம் பலம் போல்ட்டுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

என்னிடம் வேலை பழகும் பையன் கெட்டிக்காரன்தான், ஆனால் அவசரக்காரன். ஸ்பேனர் கைப்பிடியைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டினால் போல்ட் தானே கழன்றுவிடும் என்று போனில் வீடியோ பார்த்திருக்கிறான். சாவியை எடுக்கப் போனவனைத் தடுத்து நிறுத்தினேன். அந்த வித்தை வலப்பக்கமாகச் சுற்றும் எஞ்சினுக்குச் சரி. இந்த வண்டியில் புல்லி இடது சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் கிராங்க் இடப்பக்கமாகச் சுற்றும். போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கிராங்கை அப்படிச் சுற்றினால் அது இன்னும் இறுகத்தான் செய்யும். முன்சக்கரம் முன்னோக்கி உருளும்போது எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதே பக்கம்தான் கிராங்கும் என்று சொல்லி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டிய பிறகுதான் பையனுக்கு விளங்கியது.

கேஸ் விளக்கால் சூடு காட்டலாம் என்று பக்கத்து வெல்டிங் கடைக்காரர் யோசனை சொன்னார். போல்ட்டுக்கு ஒரு விரல் தள்ளி ஆயில் சீல் இருக்கிறது, புல்லிக்குள்ளேயும் ரப்பர் வளையம் இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டேன். முன்பு எவரோ புல்லியின் வெளிவிளிம்பில் பைப் ரெஞ்சைக் கடிக்கவிட்ட தழும்பு வேறு தெரிந்தது. அந்த ரப்பர் அதுவரை பிய்யாமல் இருந்ததே பெரிது.

கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது பிடிதான். புல்லியின் நடுவில் 50 மில்லிமீட்டர் அறுகோணக் குழி உண்டு. அதில் பொருந்தும் இரும்புத் துண்டில் நீண்ட பட்டையை வைத்து, பட்டையின் நுனி வண்டியின் முன்பக்கம் பார்த்துத் தரையில் ஒரு மரக்கட்டையின் மேல் உட்காரும்படி செய்தேன். கழற்றும்போது அது கீழ்நோக்கித்தான் போகப் பார்க்கும், தரையைத் தாண்டி எங்கே போகும்? எக்ஸ்டென்ஷனின் வெளிமுனைக்கு ஸ்டாண்டு ஒன்றை முட்டுக்கொடுத்தேன், சாக்கெட் சாயாமல் நேராக நிற்பதற்காக. கைப்பிடியில் பைப்பைச் செருகி, என் 70 கிலோவையும் 1 மீட்டர் தள்ளி இறக்கினேன். ஏறக்குறைய 690 நியூட்டன் மீட்டர். சீனி வெடி போல ஒரு சத்தம். போல்ட் தலை முறிந்துவிட்டதென்று பையன் முகம் வெளுத்துவிட்டது. முறியவில்லை, கால் சுற்றுக்குப் பிறகு கையாலேயே திருக முடிந்தது.

எல்லோரும் துரு, துரு என்றார்களே, மரையில் பொட்டுத் துரு கூட இல்லை. எண்ணெய்ப் பசையோடு புதிதாக இருந்தது. வாஷரின் முகத்தில் மட்டும் பளபளவென்று ஒரு வளையம். இறுகிக் கிடந்த இடம் அதுதான். துருவாக இருந்திருந்தால், துருவை ஆராய்வதற்கென்றே 1953இலிருந்து நம்மூரில் இருக்கும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கே ஒரு மனு போட்டிருப்பேன்.

பெல்ட்டோடு டென்ஷனர், வாட்டர் பம்ப், முன் ஆயில் சீல் எல்லாம் மாற்றியாயிற்று. போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், கையேட்டில் உள்ள அளவு மட்டும்தான். பையன் இன்னொரு இழுப்பு இழுக்கப் பார்த்தான், கையைத் தட்டிவிட்டேன்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. அந்த அறுகோணத் துண்டு நான் பட்டைகளை ஒட்டவைத்துச் செய்தது. வெல்டிங் பிளக்கத் தொடங்கிவிட்டது. உன் லேத்தில் இ.என்.8 என்ற நடுத்தரக் கார்பன் இரும்பில் ஒன்று கடைந்து, முகங்களை மில்லிங் செய்து அனுப்பு. நடுத் துளை சாக்கெட் தாராளமாக நுழையும்படி இருக்கட்டும். கோயம்புத்தூர் பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையனை நிலையத்துக்கு அனுப்பி வாங்கிக்கொள்கிறேன். கூலியைக் கடிதத்தில் எழுது. எழுதாவிட்டால் தங்கச்சியிடம் கேட்டுக்கொள்வேன்.

அன்புடன்,
உன் பங்காளி