தீபாவளிக்கு அவனை அழைத்து வர வேண்டாம்

பட்டர்வொர்த்

அன்புள்ள சரோ,

நலம். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நம் தோட்டத்து ஆட்களைப் பற்றிய சேதி, என் முட்டிவலி எல்லாவற்றையும் அப்புறம் எழுதுகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில். தீபாவளியைச் சாக்காக வைத்து உன் தம்பி மகனைப் போதை மறுவாழ்வு இல்லத்திலிருந்து ஒரேயடியாகக் கூட்டி வந்துவிட வேண்டாம். தம்பியிடம் கெஞ்சியாவது, அதட்டியாவது தடுத்து நிறுத்து.

“மூணு மாசமாச்சு, உடம்பு தேறிட்டான், போன்ல மரியாதையாப் பேசுறான், இன்னும் எதுக்குப் பணம் கட்டணும்” என்று தம்பி கேட்பதாக எழுதியிருந்தாய். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. லோரி ஓட்டிச் சம்பாதித்த காசு. ஆனால் அந்த முகத் தெளிவுதான் சரோ, எல்லாக் குடும்பத்தையும் ஏமாற்றுகிறது.

நான் வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் சாம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துக் குடித்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். குடி நின்ற மறுநாளே கை நடுங்க ஆரம்பிக்கும், சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஜன்னி கண்டுவிடும். ஒரு தோட்டத்துப் பெரியவர் படுக்கை விரிப்பில் இல்லாத எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, “ஏம்மா மிஸ்ஸி, இதைத் தட்டி விரிக்க மாட்டீங்களா” என்று என்னைக் கோபித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கட்டத்தில் சரியான மருந்து கொடுக்காவிட்டால் உயிரே போய்விடும். ஆனால் ஒரு வாரம், பத்து நாளில் அதெல்லாம் அடங்கிவிடும். தலை வாரி, பசியாறி, “இனிமேல் தொட மாட்டேன்” என்று பெண்டாட்டி கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போவார். மனதாரச் சொன்ன சத்தியம்தான். சம்பளம் போட்ட வாரத்தில் மறுபடியும் அதே வார்டுக்கு வருவார். உடம்பிலிருந்து விஷம் இறங்கியதும் வைத்தியம் முடிந்தது என்று அவர் வீட்டிலும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார்.

உன் மருமகன் விஷயம் ஷாபு, அதாவது மெத்தம்ஃபெட்டமின். ஹெராயின் என்றால் மெத்தடோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. நம் மலேசியாவில் 2005-லிருந்து கொடுக்கிறார்கள். அதைக் குடித்துக்கொண்டே வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு இல்லமே தேவைப்படவில்லை. ஷாபுவுக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் வரவில்லை. அங்கே காலமும் பழக்கமும்தான் மருந்து. ஷாபுவை விட்டவர்களின் மூளையைப் படம் பிடித்து ஆராய்ந்து அமெரிக்காவில் 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. சந்தோஷம், ஆசை, முயற்சி எல்லாவற்றோடும் தொடர்புள்ள டோபமின் அமைப்பு முதலில் வெகுவாகக் குறைந்திருந்தது. விட்டு ஓராண்டு தாண்டியவர்களுக்குத்தான் அது நன்றாகத் தேறியிருந்தது. அப்போதும் ஞாபகமும் கை வேகமும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. மூன்று மாதத்தில் பையன் சிரிக்கிறான் என்றால் நல்லதுதான். ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தாங்குகிற பலம் அவனுக்கு வந்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. தொண்ணூறு நாளுக்குக் குறைந்த சிகிச்சையால் பலன் குறைவு என்று அமெரிக்கப் போதைப்பொருள் ஆய்வுக் கழகமான நைடா சொல்கிறது. அந்தத் தொண்ணூறை நம் ஆட்கள் முடிவுக் கோடாக எடுத்துக்கொள்கிறார்கள். அது குறைந்தபட்சம், அவ்வளவுதான்.

அத்தனை மாதம் உள்ளே என்னதான் செய்வார்கள் என்று கேட்டிருந்தாய். பிறை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர் இல்லத்துக்கு ரத்த அழுத்தம் பார்க்கவும், புண்ணுக்கு மருந்து போடவும் போய்வருகிறேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மார்னிங் மீட்டிங். பிறகு வேலை. சமையல், துணி, தோட்டம், ஸ்டோர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். புதிதாக வந்தவன் கக்கூஸ் கழுவுவதில் தொடங்கி, மாதக்கணக்கில் நடந்துகொள்கிற விதத்தைப் பொறுத்து மேலே வருவான். போன மாதம் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், முன்பு கங்காணி மாதிரி ஆட்களை மேய்த்தவர், தரை துடைத்த மாப்பை ஈரத்தோடு மூலையில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் எல்லோர் எதிரிலும் அவரை நிறுத்திக் கேட்டான். அங்கே எதிர்த்துப் பேசக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது, “நன்றி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் செய்ய வேண்டும். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. என் கையிலிருந்த பிபி கருவியை அவருக்குக் கட்டியிருந்தால் வெடித்திருக்கும். “நன்றி தம்பி” என்றார். மாப்பைப் பிழிந்து வெயிலில் போட்டார். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தப் பையன் பெயரை எழுதி அங்கே வைத்திருக்கும் பெட்டியில் போட்டார். வாரத்தில் ஒரு நாள் குழுவாக உட்காரும்போது அந்தச் சீட்டை எடுப்பார்கள். அன்றைக்கு அவர் வாய்விட்டுத் திட்டலாம், அழலாம், பையன் கேட்டாக வேண்டும். முப்பது வருஷமாகக் கோபம் வந்த நிமிஷமே பாட்டிலைத் தேடிய மனிதர் சரோ, அவர் அந்தக் கோபத்தை நாலு நாள் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். இதை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க முடியுமா? அது ஒரு தடவை நடந்தால் போதாது, நூறு தடவை நடக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை மாதம்.

இந்த முறைக்கு ஒரு கசப்பான சரித்திரமும் உண்டு. நீ அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1958-இல் கலிபோர்னியாவில் சினனான் என்ற இடத்தில்தான் இது தொடங்கியது. மீண்டவர்களே மீள்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் நல்ல யோசனை. ஆனால் நாளாக ஆக, தலைவர் சொன்னதே வேதம், வெளியாள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்றாகிப் போனது. தங்களுக்கு எதிராக வழக்காடிய வக்கீலின் கடிதப் பெட்டியில் 1978-இல் பாம்பை வைக்கும் அளவுக்குப் போனார்கள். அதே விதையிலிருந்து நியூயார்க்கில் டேடாப் போன்ற நல்ல இடங்களும் வந்தன. உங்கள் கோலாலம்பூரில் பெங்காசே (Pengasih) சங்கம் நடத்துவதும் அந்த வழியில் வந்த இல்லம்தான். அதனால் தம்பியிடம் பணத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் வேறு சில கேள்விகளைக் கேட்கச் சொல். இல்லம் அரசாங்கத்தின் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏஏடிகே-யில் பதிவானதா? டாக்டர் வருகிறாரா? மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவனை “அதுவும் போதைதான்” என்று நிறுத்தச் சொல்கிறார்களா? பையனைத் தனியாகப் பார்த்துப் பேச விடுகிறார்களா? அடி உண்டா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அந்த இல்லம் வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம். இடத்தை மாற்றுவது வேறு, சிகிச்சையை நிறுத்துவது வேறு.

அரசாங்க மையங்களைப் பற்றியும் கேட்டாய். போதைக்கு அடிமையானவர்களுக்கான 1983 சட்டம் இரண்டு ஆண்டு மையத்தில், இன்னும் இரண்டு ஆண்டு மேற்பார்வையில் என்று வகுத்தது. கால அளவில் அந்தச் சட்டம் போட்டவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆனால் பிடித்துக்கொண்டு போய் வைப்பதை என் மனம் ஏற்பதில்லை. தானாக வந்தவன் தங்குவதற்கும் கதவு பூட்டியிருப்பதால் தங்குவதற்கும் நிறைய வித்தியாசம். உன் மருமகன் தன் காலால் நடந்து போய்ச் சேர்ந்தவன். அந்த ஒரு காரணத்துக்காகவே அவனை நடுவில் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் அந்தக் கல்யாணப் பேச்சு. கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான் என்று உன் அம்மா சொல்வதாக எழுதியிருந்தாய். கோயிலில் கயிறு கட்டுவது எனக்குச் சம்மதம், அந்தக் கயிறு சிலரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் இன்னொரு வீட்டுப் பெண்ணை வைத்து வைத்தியம் பார்க்க நமக்கு உரிமை இல்லை. அத்தை என்ற உரிமையில் நீ இதைக் கண்டிப்பாகச் சொல்.

ஒரேயடியாக வர வேண்டாம் என்றுதான் சொன்னேன், வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தீபாவளியன்று காலையில் வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பட்டும். இல்லத்தில் கேட்டால் கூடவே ஓர் ஆளை அனுப்புவார்கள். பழைய கூட்டாளிகள் பெருநாள் வாழ்த்து என்று வாசலுக்கு வருவார்கள், அதைத் தம்பி முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் ஐம்பது வெள்ளி திணிக்க வேண்டாம். முறையாக வெளியே வரும் காலத்தில் நேரே பழைய அறைக்கு வராமல், பாதி நாள் வேலை, இரவில் இல்லம் என்று சில மாதம் இருப்பது நல்லது. அதன் பிறகும் சறுக்கலாம். நைடா கணக்குப்படி நூற்றில் நாற்பது முதல் அறுபது பேருக்கு அது நடக்கிறது. ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மறுபடி சிக்கலுக்குப் போவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான், அவர்களை யாரும் வீட்டை விட்டு விரட்டுவதில்லை. சறுக்கினால் அன்றைக்கே இல்லத்துக்குப் போன் பண்ண வேண்டும், மறைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

வெளியே தெரிந்தால் அவமானம் என்று உன் தம்பி சம்சாரம் அழுவதாகச் சொன்னாய். லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை வைத்து நம் தாத்தாக்களின் சம்பளத்தை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. கூலி கேட்ட அதே மூச்சில் அதையும் கேட்ட ஜனங்கள் நம் ஜனங்கள். அவள் தலை குனிய ஒன்றுமில்லை என்று சொல்.

அவளை ஒரு வாரக் கடைசியில் இங்கே கூட்டி வா. இந்த இல்லத்தில் குடும்பத்தார் கூட்டம் நடக்கும், அங்கே வரும் அம்மாக்களிடம் அவள் பேசினால் நான் எழுதும் பத்துக் கடிதத்துக்குச் சமம். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துச் சொச்சம்தான். எந்த வண்டி என்று முன்னாடியே சொல்லிவிடு, ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
மங்களம்